தண்ணீர்மலைக்கு எந்தக் கேமரா?

பினாங்கில் ஜனவரி மாதக் கடைசியில் சூரியன் தலைகாட்டக் காலை ஏழரை மணி ஆகிவிடும். 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்ததன் விளைவு அது. தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும் ஆறு மணி வாக்கில் ஜார்ஜ்டவுன் இன்னும் கும்மிருட்டில்தான் கிடக்கும். ரதத்தைச் சுற்றிய விளக்குகள், தெருவிளக்கு, ஆங்காங்கே எரியும் கற்பூரம். வெளிச்சம் என்று இருப்பது இவ்வளவுதான். ரதம் வரும் வழியில் மலையாகக் குவித்த தேங்காய்களை ஆட்கள் ஓங்கி ஓங்கி அடிக்கிறார்கள். சில்லுகள் நாலாபுறமும் தெறிக்கின்றன. படம் எடுப்பவருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

இந்தப் பரீட்சைக்கு எதை எடுத்துக்கொண்டு போவது? பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவா, அதில் கால்பங்கு அளவே உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவா? ஆளுக்கொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பிரதிநிதியாக இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை எடுத்துக்கொள்ளலாம். 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ7 மார்க் 4 ஒன்று. 2022 தொடக்கத்தில் வந்த ஓஎம்-1 மற்றொன்று. ஒலிம்பஸ் நிறுவனம் தன் கேமரா தொழிலைக் கைமாற்றிவிட்ட பிறகு வந்தும், ‘ஒலிம்பஸ்’ என்ற பெயரை நெற்றியில் தாங்கிய கடைசிக் கேமரா இந்த ஓஎம்-1.

சோனியின் சென்சார் ஏறக்குறைய 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். ஓஎம்-1இன் சென்சார் 17.3-க்கு 13 மி.மீ. பரப்பளவைக் கணக்கிட்டால் 864 சதுர மி.மீ.க்கு எதிரே 225. ஏறத்தாழ நான்கில் ஒன்று. முதல் அளவு ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் சினிமா ஃபிலிமைக் குறுக்காக ஓட்டி உருவாக்கியது. 1925இல் லைக்காவாகக் கடைக்கு வந்தது. இரண்டாவது அளவு டிஜிட்டல் காலத்துப் பிள்ளை. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அடுத்த மாதமே ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை அறிவித்தன.

அளவுச் சண்டை பினாங்குக்குப் புதிதல்ல. 1862இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் இங்கே சுமார் பத்து மாதம் தங்கிப் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய காலம். நெகட்டிவின் மேல் தாளை வைத்து வெயிலில் காட்டிப் பிரதி எடுத்ததால், எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடியைச் சுமக்க வேண்டும். உதவிக்குச் சீனர்கள் யாரும் முன்வராததால் மெட்ராஸ்காரர்கள் இருவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததாகத் தாம்சன் 1875இல் வெளியான தம் பயணநூலில் எழுதுகிறார். தாலிப் ஒருவர், மாணிக்கம் இன்னொருவர். பினாங்கில் கேமரா தொழிலைத் தொட்ட முதல் தமிழர்களில் இந்த மாணிக்கத்துக்கு நிச்சயம் இடமுண்டு. அவர் முதுகு அறிந்த பாரத்துக்கு முன்னால் இன்றைய புகார்கள் எல்லாம் வெறும் சிணுங்கல்.

சரி, அந்த நான்கு மடங்கு பரப்பால் என்ன லாபம்? மழையில் கடைவீட்டின் திறந்த முற்றத்தில் ஒரு குடத்தையும் ஓர் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேருமோ, அதே கணக்குத்தான் வெளிச்சத்துக்கும். லென்ஸ் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணும் ஷட்டர் வேகமும் ஒன்றே என்றால் பெரிய சென்சாரில் மொத்தம் நான்கு மடங்கு ஒளி விழுகிறது. ஒளி கூடினால் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறையும்.

விடியலுக்கு முந்தைய ரத ஊர்வலத்தில் இதை எண்ணாகப் பார்க்கலாம். தெருவிளக்கு வெளிச்சத்தில் எஃப் 2.8, ஷட்டர் 1/250 நொடி என்று வைத்தால் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 அளவில் தேவைப்படும். இரண்டு கேமராவுமே சமாளிக்கும். ஆனால் தெறிக்கும் தேங்காய்ச் சில்லை அந்தரத்தில் நிறுத்த 1/1000 நொடி வேண்டும். ஐஎஸ்ஓ 12800-க்குத் தாவுகிறது. அங்கே சோனி தரும் படம், ஓஎம்-1 ஐஎஸ்ஓ 3200இல் தரும் படத்துக்கு இணையாக இருக்கும். ஓஎம்-1 தரும் படமோ சோனியை 51200-க்கு முறுக்கியது போல இருக்கும்: கறுப்பில் நிறம் பிசிறும், தேங்காய் உடைப்பவரின் முகத்தில் தோலின் நயம் கரைந்துபோகும். இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் இன்று பெரிதும் கைகொடுக்கின்றன, உண்மைதான். அவை இரண்டு கேமராவுக்கும்தான் கைகொடுக்கின்றன.

அப்படியானால் பேச்சு முடிந்ததா? இல்லை. வெள்ளி ரதத்தை விட்டுவிட்டு மறுநாள் பகலில் அலகுக் காவடி ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். கன்னத்தில் குத்திய வேல், கண், தோளுக்குப் பின்னால் விரியும் மயிற்பீலி எல்லாம் தெளிவாக வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 2.8 வைத்தால் வேல்முனை தெளிவாக இருக்கும்போது காது மங்கிவிடும். எஃப் 5.6-க்கு மூட வேண்டும். மூடியதும் ஒளி நான்கில் ஒன்றாகிறது; ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். பெரிய சென்சார் தந்த லாபம் அப்படியே திரும்பப் போய்விடுகிறது. ஓஎம்-1இல் எஃப் 2.8இலேயே தெளிவின் அதே ஆழம் கிடைக்கிறது. முழு உருவமும் தெளிவாக வேண்டிய படங்களில் இரண்டும் சமம் என்பதைப் பெரிய கேமரா கட்சியினர் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

சிறிய கேமரா கட்சியினர் ஒப்புக்கொள்ளாத விஷயமும் ஒன்று உண்டு: எடை. ‘சின்ன சென்சார் என்றால் சின்ன மூட்டை’ என்பது பாதி உண்மை. பேட்டரி, கார்டு உட்பட ஓஎம்-1 599 கிராம், ஏ7 மார்க் 4 658 கிராம். 2023இல் வந்த சோனி ஏ7சி மார்க் 2 ஃபுல் ஃப்ரேம்தான். எடை 514 கிராம், ஓஎம்-1ஐ விடக் குறைவு. லென்ஸிலும் இப்படி ஒரு குட்டு உடைகிறது. சோனியின் மலிவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வெறும் 186 கிராம். அதே கோணத்தில் பார்க்கும் ஒலிம்பஸ் 25 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் 410 கிராம். அப்படியும் சோனி லென்ஸ் அளவுக்கு மொத்த ஒளியை அது தருவதில்லை. சிறிய சென்சாரைப் பெரியதோடு போட்டி போட வைத்தால் அதன் லென்ஸ் பருத்துக் கொழுத்துவிடும்.

சிறியது தன் வேலையைத் தானே பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. ஏ7 மார்க் 4உடன் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பைச் சேர்த்தால் 1353 கிராம். ஓஎம்-1உடன் 12-40 மி.மீ. எஃப் 2.8, கூடவே 40-150 மி.மீ. எஃப் 4 என்று இரண்டு லென்ஸ் சேர்த்தாலும் 1363 கிராம்தான். ஒரு லென்ஸின் எடைக்கு இரண்டு லென்ஸ். எட்டும் தூரமோ ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24இலிருந்து 300 மி.மீ. வரை. தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணி சன்னதிக்கு 513 படி. கூட்டத்தோடு கூட்டமாக நெருக்கியடித்து ஏறும்போது லென்ஸ் பையைத் தனியாகச் சுமந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை.

அலகு குத்துமிடத்தில் உறுமி மேளக்காரரை நெருங்கினால் ஸ்பெக் அட்டையில் அச்சிடாத ஒரு வேறுபாடு தட்டுப்படும். ஓசை எழாமல் படமெடுக்க எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால், சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படும். ஏ7 மார்க் 4 முழுவதையும் படித்து முடிக்கச் சுமார் 1/15 நொடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் உறுமிக் குச்சி பாதித் தூரம் போய்விட்டிருக்கும்; படத்தில் குச்சி வில்லாக வளைந்து நிற்கும். எல்இடி விளக்குத் தோரணத்துக்குக் கீழே எடுத்தால் பட்டைபட்டையாக இருட்டுக் கோடும் விழும். ஓஎம்-1இன் அடுக்குச் சென்சார் இதே வேலையைச் சுமார் 1/125 நொடியில் முடிக்கிறது. குச்சி நேராக இருக்கிறது. சோனியில் மெக்கானிக்கல் ஷட்டரைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை; ‘டக் டக்’ ஓசை மட்டும் வரும். உறுமிச் சத்தத்தில் அது யார் காதில் விழப்போகிறது என்பது வேறு விஷயம்.

தண்ணீர் இன்னொரு சோதனை. பாதத்தைக் குளிர்விக்கச் சாலையில் அடிக்கும் நீர், பால்குடம், இளநீராகத் தெறிக்கும் தேங்காய்த் தண்ணீர், இடையில் ஒரு திடீர் மழை. ஓஎம்-1-க்குத் தூசியையும் நீரையும் தடுப்பதற்கான ஐபி53 சான்று உண்டு; அதற்கேற்ற லென்ஸும் மாட்டியிருந்தால் சாரலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சோனி தூசியையும் ஈரத்தையும் தாங்கும்படி செய்யப்பட்டது என்று நிறுவனம் சொன்னாலும் ஐபி சான்று கிடையாது.

அச்சுக்குப் போனால்? ஓஎம்-1 படம் 20 மெகாபிக்சல், சோனி 33. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் முதலாவது 44 செ.மீ. அகலம் வரும், இரண்டாவது 59 செ.மீ. ஏ4 அளவு வார இதழில் இரண்டு பக்கத்தை விரித்துப் போட்டாலும் 42 செ.மீ.தான். மண்டபச் சுவரில் ஆளுயரப் பதாகை அடிப்பவருக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும். அர்மேனியன் தெருவில் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பகலில் எடுக்க இரண்டில் எதுவானாலும் போதும், கைப்பேசியும் போதும். ஐந்தடி நடைபாதையின் நிழலும் வெயிலில் வெளுக்கும் வேட்டியும் ஒரே படத்தில் வந்தால் மட்டும் சோனியின் கை ஓங்கும். இருட்டை எவ்வளவு தூக்கினாலும் அதில் விவரம் இருக்கும்.

பினாங்குக் கொடிமலையில் கதை தலைகீழ். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லங்கூர் குரங்கு உச்சிக் கிளையில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு தூரம் எட்ட 600 மி.மீ. வேண்டும் என்றால் சோனியின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 3040 கிராம். அதே தூரம் எட்டும் ஒலிம்பஸ் 300 மி.மீ. எஃப் 4, முக்காலி வளையத்தோடு சேர்த்தே 1475 கிராம். பெரியது அதிக ஒளி தரும்தான், ஆனால் அதைக் கையில் ஏந்தி மணிக்கணக்கில் அண்ணாந்து நிற்க எத்தனை பேரால் முடியும்?

ஆகவே தீர்ப்பு இது. கல்யாண மண்டபத்து மங்கலில் தாலி கட்டும் நொடியைப் பிடித்துச் சம்பாதிப்பவரும், விடியலுக்கு முன் வெள்ளி ரதத்தோடு நடப்பவரும் ஃபுல் ஃப்ரேம் வாங்கட்டும். பின்னணியைக் கரைத்த மணப்பெண் படத்தையும் அது சுலபமாகத் தரும். படியேறுபவர், காவடியோடு நாள் முழுக்கச் சுற்றுபவர், குரங்கையும் பறவையையும் தேடுபவர் ஆகியோருக்கு ஓஎம்-1 போதும் என்பதைவிட, அதுவே சரி. உடலைப் பார்த்து விலை பேசாமல், வாங்கப்போகும் மூன்று லென்ஸையும் எழுதி எடையையும் ரிங்கிட்டையும் கூட்டிப் பாருங்கள். எதை வாங்கினாலும் முதல் மாதமே ஒரு டிரை கேபினட் வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். பினாங்குக் காற்றில் அலமாரியில் சும்மா கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதைச் சுத்தம் செய்யும் கூலியில் கேபினட்டே வாங்கிவிடலாம்.