பரதேசி: ஒரு சொல்லும் ஓர் ஊரும்



தந்தை அல்லது தாயின் பணிமாற்றத்தால் உங்களுள் பலர் இவ்வூருக்கு வந்திருக்கிறீர்கள். நானும் அவ்வாறே கொச்சிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை. வேறு மொழி வழங்கும் ஊரில் முதல் நாள்களை எவ்வாறு கழிப்பது? கையில் ஒரு குறிப்பேட்டுடன், அவ்வூரின் மொழி மாணவராகத் தெருக்களில் நடப்பது நல்ல வழி. மட்டாஞ்சேரியிலும் அதன் அருகிலும் நான் அவ்வாறு நடந்து கற்றவற்றை இப்பாடத்தில் காண்போம்.

உறவுச் சொற்கள்

முதல் நாள், உணவகம் ஒன்றின் வாசலில் ‘ஊண் ரெடி’ என்று மலையாளத்தில் எழுதிய பலகையைக் கண்டேன். ‘ஊண்’ நமக்கும் உரிய பழஞ்சொல். ‘ஊண் உறக்கமின்றி உழைத்தார்’ என்று நாம் இன்றும் எழுதுகிறோம். தமிழில் இத்தகைய தொடர்களில் தங்கிவிட்ட சொல், இங்கே நண்பகல்தோறும் மக்களை உணவுக்கு அழைக்கிறது.

எல்லாச் சொற்களும் இவ்வளவு எளிதாக விளங்குவதில்லை. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், “நாளெ அவதியாணு” என்றார். யாருக்கு என்ன துன்பமோ என்று கலங்கினேன். நாளை விடுமுறை என்பதே அதன் பொருள். மாணவன் ஒருவனுக்குப் ‘பனி’ என்றார்கள், அவனுக்குக் காய்ச்சல். இங்கே ‘வெள்ளம்’ என்பது குடிக்கும் நீர். நமக்கோ அது ஆற்றில் பெருகி வருவது. தமிழும் மலையாளமும் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் ஒரே ஒலியுடைய சொல் இரு மொழிகளில் இரு பொருள் தரலாம். ஆகையால், தெரிந்த சொல்தானே என்று எண்ணிவிடாமல், அது வரும் தொடர் முழுவதையும் கேட்டுப் பொருள் கொள்ள வேண்டும்.

பரதேசிகளின் தெரு

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் முடிவில் ‘பரதேசி சினகாக்’ உள்ளது. சினகாக் என்பது யூதர்களின் வழிபாட்டிடம். வகுப்பில் இப்பெயரைச் சொன்னதும் மாணவர்கள் சிரித்தனர். நம் பேச்சு வழக்கில் ‘பரதேசி’ என்பது பிச்சையெடுப்பவரைக் குறிக்கும்; பிறரை இகழும் சொல்லாகவும் வழங்கும். அதன் முதற்பொருளோ ‘பிற தேசத்தவர்’ என்பதே.

ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் கடல் கடந்து இங்கு வந்தனர். கொச்சி மன்னர் தம் அரண்மனையை அடுத்து அவர்களுக்கு இடம் அளித்தார். அங்கே 1568இல் இவ்வழிபாட்டிடம் எழுந்தது. அவர்கள் எபிரேய மொழியில் வழிபட்டனர். ஊராரிடம் மலையாளம் பேசினர். பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மணிக்கூண்டை அண்ணாந்து பாருங்கள். அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள எண்கள். வழிபாட்டிடத்தை நோக்கிய முகத்தில் எபிரேய எழுத்துகள். துறைமுகத்தை நோக்கிய முகத்தில் உரோமானிய எண்கள். பார்ப்பவர் அறிந்த எழுத்திலேயே அது நேரத்தைக் காட்டியது.

பல மொழிகள், ஒரு நூல்

கோவாவில் போர்த்துகீசியரின் கொடுமைக்கு அஞ்சி வந்த கொங்கணி மக்கள் சேர்ளாய்ப் பகுதியில் குடியேறினர். வணிகத்தின் பொருட்டு வந்த குசராத்தியரின் பெயரால் இங்கு ஒரு சாலையே உண்டு.

இம்மொழிகள் கூடி உருவாக்கிய நூல் ஒன்றும் உண்டு. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் ஆளுநர் வான் ரீடு, இந்நாட்டுச் செடிகொடிகளை அறிய விரும்பினார். உள்ளூர் மருத்துவர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர்களும் அவருக்கு உதவினர். ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இலத்தீனில் எழுதப்பட்ட அந்நூலில் செடிகளின் பெயர்கள் மலையாளம், அரபு, கொங்கணி ஆகிய மொழிகளிலும் தரப்பட்டுள்ளன. புது ஊருக்கு வந்த ஆளுநரும் அவ்வூராரிடம் கேட்டே கற்றார்.

வெளுக்கும் துறையில் தமிழ்

மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில், வெளி என்னுமிடத்தில் ‘டோபிகானா’ இருக்கிறது. டச்சுப் படையினரின் துணிகளை வெளுக்க அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வழியினர் அங்கே உழைக்கின்றனர். இப்போதைய சலவைத்துறை 1976இல் அமைக்கப்பட்டது. துணியைக் கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சியிட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் செருகி வெயிலில் உலர்த்துகின்றனர், கவ்விகளைப் பயன்படுத்துவதில்லை. வாடிக்கையாளரிடம் மலையாளம் பேசும் அவர்கள், தமக்குள் தமிழில் பேசக் கேட்டேன். தலைமுறைகள் பல கடந்தும் அவர்களிடம் இரு மொழிகளும் வாழ்கின்றன.

என் மாணவி ஒருத்தி, தொலைபேசியில் பாட்டியிடம் தமிழில் பேசும்போது பிறர் கேட்காதவாறு குரலைத் தாழ்த்துவாள். நாங்கள் டோபிகானாவைப் பார்த்துத் திரும்பிய நாளில் அவள், “அப்படியானால் நாமும் பரதேசிகளா, அம்மா?” என்று கேட்டாள். “சொல்லின் முதற்பொருளில், ஆம்” என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில், “பாட்டி, இங்கே பனி என்றால் என்ன தெரியுமா?” என்று அவள் உரக்கக் கேட்டது என் காதில் விழுந்தது.

சொற்பொருள்

ஊண் – உணவு
வழியினர் – மரபில் வந்தோர்
எபிரேயம் – யூதர்களின் பழைய மொழி

பயிற்சி

1. ‘பரதேசி’ என்னும் சொல்லின் முதற்பொருள் யாது? இன்றைய வழக்கில் அது எவ்வாறு மாறியுள்ளது?
2. மணிக்கூண்டின் முகங்களில் வெவ்வேறு எழுத்துகள் இருப்பதன் காரணத்தை விளக்குக.
3. தமிழிலும் மலையாளத்திலும் ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் ஐந்து சொற்களை உங்கள் தெருவில் கேட்டறிந்து எழுதுக.