சுறாவின் வாயைக் கட்டியவர்

போன எபிசோடுல துருக்கியரோட ஓநாய்க் கதையைப் பேசினோம். அவங்களுக்கு மேலே தெங்ரி என்கிற வானம், கீழே நிலமும் நீரும் தனித் தெய்வம். "நம்ம ஊர்ல இப்படி வானத்துக் கதை, பூமிக் கதைன்னு ஏதாவது இருக்கா?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இருக்கு. நான் பிறந்த தூத்துக்குடியிலேயே இருக்கு.

முதல்ல வானத்துக் கதை. சுவாதி நட்சத்திரத்துல மழை பெய்யும்போது சிப்பி கடல்மேல வந்து வாயைத் திறக்கும், உள்ளே விழுற துளி முத்தாகிடும்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க. இந்தியா முழுக்க இந்தக் கதை உண்டு. முதல் நூற்றாண்டுல ரோம் நாட்டு பிளினியும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார். அவர் கதையில மழைக்குப் பதிலா வானத்துப் பனித்துளி.

ஆனா முத்துச்சிப்பி மேலே வர்றதே இல்லை. அது கடலுக்கு அடியில, 'பார்'னு சொல்ற பாறைத் திட்டுல நாரால ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். ஏதாவது ஒட்டுண்ணி உள்ளே புகுந்தாலோ காயம் பட்டாலோ, சிப்பியோட திசு அந்த இடத்தைப் பை மாதிரி சூழ்ந்துகொண்டு, ஓட்டின் உட்புறத்தில் மினுங்கும் அதே பொருளை அடுக்கடுக்காகச் சுரக்கும். அதுதான் முத்து. வானத்துக்கு அதுல பங்கே இல்லை.

இப்போ கீழே இறங்கினவங்களோட கதைக்கு வருவோம். ஐந்து முதல் பத்து பாகம் ஆழம். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், சுமார் ஆறடி. கல்லைக் காலில் மாட்டி இறங்கணும், ஏறக்குறைய ஒரு நிமிஷ மூச்சுல கைக்குக் கிடைக்கிற சிப்பியை எல்லாம் அள்ளணும், கயிற்றை அசைச்சா மேலே இருக்கிறவர் இழுப்பார். அந்த ஒரு நிமிஷத்துல மனசுல இருக்கிறது மழைத்துளியா? இல்லை, சுறா.

அதனால சலாபம், அதாவது முத்துக்குளிப்பு நடக்கும்போது ஒருத்தர் கட்டாயம் வேணும். அவர் பேர் கடல்கட்டி. மந்திரத்தால சுறாவோட வாயைக் கட்டுறவர். 1290கள்ல இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டுறவங்களுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கூலின்னு எழுதியிருக்கார். இன்னொண்ணும் சொல்றார். கட்டு பகலுக்கு மட்டும்தான், ராத்திரி அவிழ்த்துவிடுவாங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, ராத்திரியில் திருட்டுத்தனமாகக் குளிக்க எவனும் இறங்கமாட்டான். மந்திரமே காவலாகவும் இருந்திருக்கு!

1530களில் பரதவர் பெருவாரியாகக் கத்தோலிக்கர் ஆனாங்க. பனிமய மாதா வந்தாங்க, கடல்கட்டி போகலை. இலங்கை அரசில் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட், 1859இல் வெளிவந்த தன் புத்தகத்தில், எதிர்க்கரையான அரிப்பு பற்றி எழுதுறார். அங்கே கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவரே கத்தோலிக்கர். டென்னன்ட் போன சமயம் அவருக்கு உடம்பு சரியில்லை, பதிலுக்கு ஒரு ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர் சொன்னாராம்: மந்திரம் எனக்குத் தெரியாது, ஆனா நான் அவரோட ஆள்னு சுறாவுக்குத் தெரியும்!

சிரிப்பு வரும். ஆனா கீழே இறங்குறவருக்கு வேண்டியது மந்திரத்தோட வார்த்தை இல்லை. 'நம்மை ஒருத்தர் பார்த்துக்கிறார்' என்ற தைரியம். சுறாவைக் கட்டினாங்களோ இல்லையோ, பயத்தைக் கட்டினாங்க.

சுறா வெறும் எதிரியும் இல்லை. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றிக் கும்பிடுறாங்க. கொம்புள்ள சுறான்னா அது வாள்சுறாவாத்தான் இருக்கணும்னு நினைக்கிறேன். மூக்கு நீண்டு, ரெண்டு பக்கமும் பல் வச்ச ரம்பம் மாதிரி இருக்கும். தங்களைக் கிழிக்கக்கூடியதையே தெய்வமா நட்டாங்க.

என் கணக்கு இதுதான். வானத்துக் கதை முத்தைக் கழுத்துல போட்டவங்களுக்குப் பிடிச்ச கதை. அதுல சிப்பிக்கு வலி இல்லை, குளிச்சவருக்கு மூச்சு முட்டலை. கடல்கட்டி கதை மூச்சைப் பிடிச்சவங்களோடது. அதுல முத்தோட விலை தெரியும்.

தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் இங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டினாங்க. கடல்கட்டிக்கு வேலை இல்லாமப் போச்சு. வாள்சுறா உலகம் முழுக்க அழிவின் விளிம்பில் இருக்கு. 2001லிருந்து இந்தியாவில் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஒருகாலத்தில் சுறாகிட்ட இருந்து மனுஷனைக் காப்பாத்த ஆள் வச்சோம். இப்போ மனுஷன்கிட்ட இருந்து சுறாவைக் காப்பாத்தச் சட்டம் வேண்டியிருக்கு.

உங்க வீட்டுல யாராவது சலாபக் கதை சொல்லியிருந்தா, எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஆச்சிகள் இருக்கும்போதே கேட்டு வச்சிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.