மேடா? பள்ளமா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். இதனைக் கணினிப் படங்களால் விளக்கியவர்களுள் ஒருவர் நம் தமிழகத்தில் 1951-இல் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியரானார். நிழலைக் கொண்டு மூளை உருவத்தை அறியும் விதம் பற்றி 1988-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் எழுதினார்.

தோழியரே, அவர் காட்டிய விந்தையை நாமும் செய்யலாம். கணினித் திரையில் சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு வட்டம் வரைவோம். உச்சியில் வெள்ளையாகத் தொடங்கி, கீழே வரவர மெல்லக் கறுக்குமாறு அதற்கு வண்ணம் நிரப்புவோம். உடனே வட்டம் முட்டையைப் போல் புடைத்து எழும்! அதையே நகலெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் குழியாகிவிடும். திரை என்னவோ தட்டையானதுதான்.

காரணம் யாது? நமக்கு வெளிச்சம் தருகின்ற சூரியன் மேலே இருக்கிறது. ஆகவே மேற்புறம் வெளுத்திருந்தால் மேடு, கீழ்ப்புறம் வெளுத்திருந்தால் பள்ளம் என்று மூளை நம்மைக் கேளாமலே தீர்ப்பளித்துவிடுகிறது. குனிந்து, கால்களுக்கிடையே அதே திரையைப் பார்த்தால் மேடும் பள்ளமும் இடம் மாறும். நம் தலை எப்படித் திரும்பினாலும், ஒளி உச்சந்தலைப் பக்கமிருந்தே வருவதாக மூளை எண்ணுகிறது.

கணினி இல்லாத தோழியர் வருந்த வேண்டாம். மேலிருந்து வெளிச்சம் படும்படி இட்லித் தட்டைச் சுவரில் சாய்த்துப் படம் எடுங்கள். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால், குழிகள் வெந்த இட்லிகளாக உப்பித் தெரியும்!

இது வெறும் விளையாட்டன்று. வானிலிருந்து செயற்கைக்கோள் எடுக்கும் படங்களை வடக்கு மேலே இருக்குமாறு அச்சிடுவது வழக்கம். ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கிறது. அதாவது, படத்தில் ஒளி கீழ்ப்புறமிருந்து வருகிறது. ஆகவே கோட்டையைச் சுமந்து நிமிர்ந்து நிற்கும் நம் சங்ககிரி மலையும் படத்தில் பெரும் பள்ளமாகத் தோன்றக்கூடும். நிலவின் படங்களிலும் இவ்வாறே குழிகள் குன்றுகளாகத் தெரிவதுண்டு. அதனால் இத்தகைய படங்களைப் பார்ப்போர், ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கண் காட்டுவது ஒன்று. மூளை முடிவு செய்வது மற்றொன்று. அடுத்த முறை ஒரு படத்தைக் கண்டு வியக்கும்போது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்ப்போமா, தோழியரே?