பின்தொடர்வோர் பெருகுவது எங்ஙனம்?

கைத்தொழில் செய்வோர் ஒருவரையொருவர் சந்தித்துத் தம் வேலைத்திறனைக் காட்டி மகிழ்வதற்கு முற்காலத்தில் சந்தையும் திருவிழாவும் கண்காட்சியும் இடமாயிருந்தன. இன்று அவற்றோடு இணையமும் சேர்ந்துள்ளது. பின்னல், நூற்பு, சாயமிடுதல், தோட்டவேலை என ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் அங்கே தனித்தனிக் கூட்டங்கள் அமைந்திருக்கின்றன. அவற்றில் சேர்ந்தோர் பலரும் கேட்கும் வினா ஒன்றுதான்: நம் வேலையைத் தொடர்ந்து பார்ப்பவரும், அதைப்பற்றி நம்மோடு உரையாடுபவரும் பெருகுவதற்கு என்ன செய்யவேண்டும்? பொழுதுபோக்காகச் செய்வோருக்கு இது மனமகிழ்ச்சியைப் பற்றிய வினா. நூலுக்குச் சாயமிட்டு விற்போருக்கும், கம்பளிக்காக ஆடு வளர்ப்போருக்குமோ இது பிழைப்பைப் பற்றிய வினா. ஆகவே இதனை ஓர் உண்மையான உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

2007ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் ஜெசிகா ஃபோர்ப்ஸ், கேசிடி ஃபோர்ப்ஸ் என்னும் இருவர் 'ராவெல்ரி' என்ற இணையதளத்தைத் தொடங்கினர். ஊசி கொண்டு பின்னுவோர், கொக்கி கொண்டு பின்னுவோர், நூற்போர், நெய்வோர் ஆகியோருக்கென அமைந்தது அது. ஒரு மாதிரியை எந்த நூலில் பின்னினால் நன்றாக அமையும், ஒரு நூல் சலவைக்குப்பின் எவ்வாறு இருக்கும் என்பன போன்ற செய்திகள் பலருடைய குறிப்புக்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஓரிடத்தில் தொகுக்கவேண்டும் என்ற எண்ணமே அத்தளத்திற்கு வித்து. தொடக்கத்தில் சேர விரும்பியோர், அழைப்புக் கிடைக்கும்வரை வரிசையில் காத்திருந்தனர். 2020இல் பதிவு செய்துகொண்டோர் தொகை சுமார் 90 லட்சத்தை எட்டிவிட்டது. உபயோகத்தை நாடி வந்த கூட்டம் இது.

அத்தளத்தின் அமைப்பை அறிந்தால் காரணம் எளிதில் விளங்கும். அங்கத்தினர் ஒருவர் சால்வை ஒன்றைப் பின்னுகிறார் எனக் கொள்வோம். அவர் அதற்கெனத் தனிப்பக்கம் திறந்து, மாதிரியின் பெயர், நூலின் பெயர், நிறம், செலவான சிட்டங்கள், ஊசியின் பருமன், தொடங்கிய நாள், முடித்த நாள் ஆகியவற்றை எழுதிப் படத்தையும் சேர்க்கிறார். அப்பக்கம் அவருடைய ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. அம்மாதிரிக்குரிய பக்கத்தோடும் அந்நூலுக்குரிய பக்கத்தோடும் அது இணைக்கப்படுகிறது. பிற்பாடு அதே மாதிரியைப் பின்ன எண்ணுபவரும், அதே நூலை வாங்க எண்ணுபவரும் இவருடைய வேலையைக் கண்ணுறுகின்றனர். பிடித்திருந்தால் இதயக்குறி இடுகின்றனர். குறிப்பு பயன்பட்டதாயின் அதனையும் குறித்துச் செல்கின்றனர்.

இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம், கணக்கை முழுமையாக எழுதவேண்டும் என்பதாகும். அழகிய படம் மட்டும் உள்ள பக்கத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு அப்பாற் செல்வர். கைப்பகுதிக்கு ஒரு சிட்டம் மிகுதியாயிற்று, கழுவியபின் இரண்டு அங்குலம் நீண்டது, அடுத்தமுறை ஊசியைச் சிறிதாக்கவேண்டும் என்றெல்லாம் எழுதிய பக்கத்திற்கோ மீண்டும் மீண்டும் வருவர். பிழைபட்டுப் பிரித்த வேலையையும் மறைக்காமல் எழுதுவோரிடத்தில் நம்பிக்கை பிறக்கிறது. பிறருடைய பணத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும் பதிவுக்கு என்றும் மதிப்பு உண்டு.

இரண்டாவது பாடம், பிறருடைய வேலையை முதலில் நாம் கவனிக்கவேண்டும் என்பது. "நன்று" என்னும் ஒரு சொல்லை நூறு இடங்களில் வீசிச் செல்வதனால் எவருடைய நட்பும் கிட்டாது. விளிம்பை எங்ஙனம் முடித்தீர்கள், இச்சாயம் நீரில் கரைகிறதா என்று, வேலையைக் கூர்ந்து பார்த்ததன் அடையாளமாக ஒரு வினாவைக் கேட்பின், மறுமொழி வரும். அதிலிருந்து உறவு வளரும். புதிதாகச் சேர்ந்தவருடைய எளிய ஐயத்திற்குப் பொறுமையுடன் விடை கூறுபவரின் பெயரை அப்புதியவர் நெடுநாள் மறவார்.

மூன்றாவது, சேர்ந்து செய்தல். பலர் ஒரே மாதிரியை ஒரே நாளில் தொடங்கிச் சேர்ந்து பின்னும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றபோது, தொடக்கவிழாவின்போது ஆரம்பித்து நிறைவுவிழாவிற்குள் முடிக்கவேண்டும் என்ற விதியோடு பின்னற்போட்டி ஒன்றை அங்கத்தினர் நடத்தினர். அதன் பெயர் ஒலிம்பிக் என்னும் சொல்லை ஒட்டி அமைந்திருந்ததால், 2012இல் அமெரிக்க ஒலிம்பிக் குழு ஆட்சேபித்தது. அதன் கடிதத்தின் தொனி பின்னற்காரரைப் புண்படுத்தியது. அவர்கள் திரண்டு எழுப்பிய குரலைக் கேட்டு அக்குழு மன்னிப்புக் கோரிற்று. போட்டியும் 'ராவெலெனிக்' என்னும் வேறு பெயரில் தொடர்ந்தது. சேர்ந்து உழைத்துப் பழகியவர்களே வேண்டிய நேரத்தில் சேர்ந்து நிற்கவும் வல்லவராவர்.

இம்முறை விளைவிப்போருக்கும் உதவும். அரிதாகிவரும் ஆட்டினங்களை வளர்ப்போர் பலருக்கு, கம்பளியால் வரும் விலை மயிர் கத்தரிக்கும் கூலிக்கே போதாமையால், அதனை வீணே கழித்துவந்தனர். 2019இல் அமெரிக்காவின் 'லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி' என்னும் அமைப்பு, மயிர் கத்தரித்து இனத்தைக் காப்போம் என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் வகுத்தது. நூற்போரும் பின்னுவோரும் கடவுச்சீட்டைப் போன்ற சிறு புத்தகம் ஒன்றைப் பெறுவர். வளர்ப்பவரிடம் கம்பளி வாங்குந்தோறும் அவ்வினத்திற்குரிய முத்திரையை அதில் ஒட்டிக்கொள்வர். ஐந்து இனங்களைக் கையாண்டதும் பரிசு உண்டு. பின்னியவர் பெருமையோடு தம் வேலையைப் பிறருக்குக் காட்ட, வளர்ப்பவரின் பெயரும் உடன் பரவுகிறது. பார்ப்பவருக்கும் ஒரு வேலை கொடுத்ததே இத்திட்டத்தின் நுட்பம்.

எச்சரிக்கை ஒன்றையும் கூறவேண்டும். திரண்ட கூட்டம் எவருக்கும் உடைமையன்று. 2020 ஜூன் மாதத்தில் ராவெல்ரி தளத்தின் தோற்றம் மாற்றப்பட்டபோது, புதிய தோற்றம் தலைவலியை உண்டாக்குகிறது எனப் பலரும், வலிப்பு வருகிறது எனச் சிலரும் முறையிட்டனர். தம் குறைகள் உரிய காலத்தில் செவிசாய்க்கப்படவில்லை எனக் கருதியோர் விலகினர். பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நல்லெண்ணம் சில வாரங்களில் குலையக்கூடும் என்பதற்கு இது சான்று. அங்ஙனமாயின், காசு கொடுத்துப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வதால் என்ன பயன்? எண் இருக்கும்; மறுமொழி கூற ஆள் இராது.

கூட்டுறவாளராகிய நமக்கு இவை புதிய பாடங்கள் அல்ல. 1844 டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 பேர், நெசவாளர் பலர் அவர்களுள் இருந்தனர், ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி போன்ற சில பொருள்களே அங்கு இருந்தன. கலப்படமில்லாத சரக்கு, குறையாத எடை என்ற உறுதியே அவர்களுக்கு வாடிக்கையாளரைச் சேர்த்தது. கடை இணையத்தில் இருப்பினும் தெருவில் இருப்பினும் நியதி ஒன்றே.

ஆகவே, தம் கைவேலையை இணையத்தில் வைக்க எண்ணும் அங்கத்தினர், எத்தனை பேர் பார்த்தனர் என்று நாள்தோறும் எண்ணுவதை விடுத்து, இன்று நம் குறிப்பால் ஒருவருக்கேனும் உதவி கிடைத்ததா என்று கேட்டுக்கொள்வாராக. நூலின் விவரத்தை ஒளிக்காது எழுதுக. பிறர் வேலையைக் கண்டு மனமாரப் பேசுக. கூடிச் செய்ய வாய்ப்பு வரும்போது முன்வந்து சேருக. பின்தொடர்வோர் மெதுவாகவே வருவர். ஆயினும் வந்தவர் நிலைப்பர்.