சவர்க்காரமா, டின் நுரையா?

விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லுமுன் குழாயடியில் நின்று அவசர அவசரமாக முகம் மழித்துக்கொள்ளும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளது. அக்குழாயடிச் சுவரின் ஒரு பக்கத்தில் தந்தையின் சவர்க்காரக் கிண்ணமும் தூரிகையும் இருக்கும். மறுபக்கத்தில் மகன் பட்டணத்திலிருந்து வாங்கி வந்த நுரை டின் இருக்கும். இவ்விரண்டில் எது சிறந்தது என்று வினவினால் தந்தை ஒன்று கூறுவார். மகன் வேறொன்று கூறுவான். இருவரும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. முகத்து மயிரை மென்மையாக்குவது சவர்க்காரமும் அன்று, டின் நுரையும் அன்று, தண்ணீரே ஆகும்.

உலர்ந்த மயிர் விறைப்பானது. நீரை உறிஞ்சியதும் அது ஊறிப் பருத்து இளகுகிறது. இதற்கு இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் தேவை. வெதுவெதுப்பான நீராயின் இன்னும் விரைவில் ஊறும். முகத்தின் எண்ணெய்ப் பசை நீர் உட்செல்வதைத் தடுக்கும். அப்பசையை அகற்றுவதும், ஊறிய ஈரம் காய்ந்துவிடாமல் காப்பதும், பிளேடு வழுக்கிச் செல்ல உதவுவதுமே நுரையின் வேலை. மழுங்கிய கத்தியால் பால்மரத்தை வெட்டினால் பட்டை பிய்ந்து மரம் காயப்படுவதை நாம் நன்கு அறிவோம். ஊறாத மயிரின்மீது பிளேடை அழுத்தி இழுப்பதும் அத்தகைய செயலே. மரத்தின் பட்டை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்; கன்னத்தின் காயம் ஆறச் சில நாட்கள் போதும். ஆயினும், வியர்வை வழிய வேலை செய்வோருக்கு அச்சில நாட்களே பெருந்துன்பமாகிவிடும். சுருள் மயிர் உடையவர்களுக்கு, மழித்த மயிர் வளைந்து தோலுக்குள் புகுந்து கொப்புளமாவதும் உண்டு. அவர்கள் மயிர் வளரும் திசையிலேயே மழித்தல் நலம்.

இனிச் சவர்க்காரத்தைப் பார்ப்போம். சவரத்துக்குரிய சவர்க்காரம் குளிக்கும் சவர்க்காரத்தினின்று வேறுபட்டது. ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்புப் பொருள் அதில் மிகுதி. நுரை எளிதில் கலைந்துவிடாமல் நிற்பதற்கு அதுவே காரணம். அவ்வமிலத்தைச் செம்பனை எண்ணெயிலிருந்தும் பெறுகிறார்கள். ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளிலும் துத்தநாக ஆக்சைடோடு இதே அமிலத்தைச் சேர்க்கிறார்கள். நாம் வெட்டும் பாலுக்கும் நம் முகத்து நுரைக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதைப் பலர் அறியார். உறவு இதோடு முடியவில்லை. தூரிகையின் மயிர்கள் கழன்று முகத்தில் ஒட்டிக்கொள்ளும் தொல்லையைத் தீர்க்க, மயிர்களின் அடியைக் கெட்டி ரப்பரில் பதித்துச் செய்த ‘ரப்பர்செட்’ தூரிகைகள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெயர் பெற்று விளங்கின.

நனைத்த தூரிகையைச் சவர்க்காரத்தில் சுழற்றி, பின்னர் முகத்தில் வட்டமாகத் தேய்க்கும்போது மயிர்கள் நிமிர்கின்றன. நீரும் சவர்க்காரமும் அவற்றின் அடிவரை செல்கின்றன. தூரிகையின் சிறப்பு இதுவே. தேய்த்துக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு நிமிடங்களில் முகம் தானாகவே ஊறிவிடுகிறது. பழைய முறை நம்மை வற்புறுத்திப் பொறுமையாக இருக்கச் செய்கிறது என்றும் கூறலாம்.

டின் நுரை அவ்வாறு வற்புறுத்துவதில்லை. 1949ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ரைஸ்’ என்னும் பெயரில் இவ்வகை நுரை முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. டின்னுக்குள் நுரை இல்லை. சவர்க்காரக் கரைசலும், அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட வாயுவுமே உள்ளன. மூடியை அழுத்தியதும் அந்த வாயு விரிந்து கரைசலை நுரையாக ஊதிவிடுகிறது. நொடிப்பொழுதில் கை நிறைய நுரை! ஆனால், அதில் பெரும்பகுதி காற்றுப் போன்ற வாயுதான். உலர்ந்த முகத்தில் அதனைப் பூசி உடனே மழிப்பவருக்கு எரிச்சல் உண்டானால் டின்னை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. முதலில் முகத்தை நன்கு ஊறவைத்தால் டின் நுரையும் குறைவின்றி வேலை செய்யும்.

தூரிகைக்கும் கறை படிந்த ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல மயிர் கிடைக்காமல், சரியாகத் தூய்மை செய்யப்படாத குதிரை மயிரால் தூரிகைகள் செய்யப்பட்டன. அவற்றின்வழி ஆந்திராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரவி உயிர்களைப் பறித்தது. 1920ஆம் ஆண்டு பிரிட்டன் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியையே தடை செய்தது. இன்று அந்த அச்சம் வேண்டியதில்லை. ஆயினும் ஒருவர் தூரிகையை மற்றவர் பயன்படுத்தலாகாது. பிளேடைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய் இரத்தத்தின்வழி பரவக்கூடியது. உபயோகித்த தூரிகையை அலசி உதறி, மயிர்கள் கீழ்நோக்கி இருக்குமாறு தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு பெட்டிக்குள் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பன்றி மயிரால் செய்த பொருளில் அதனைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று மலேசியாவில் 2013ஆம் ஆண்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. எனவே வாங்குமுன் குறிப்பைப் படித்துப் பாருங்கள். செயற்கை இழைத் தூரிகைகளும் கடைகளில் உள்ளன. அவை விரைவில் உலரும்.

செலவைக் கணக்கிடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. டின்னையோ சவர்க்காரத்தையோ வாங்கும் நாளை அதன் மீதே எழுதி வையுங்கள். தீர்ந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். விலையை நாட்களால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஒருமுறை மழிக்க ஒரு கிராம் அளவு சவர்க்காரமே தாராளம் என்பதால், ஒரு கட்டி பல மாதங்களுக்கு வருவதை நாம் கண்டிருக்கிறோம். தூரிகையும் பல ஆண்டுகள் உழைக்கும். வெளியூர்ப் பயணத்துக்கும், ஒரு கையில் காயம் பட்டவருக்கும் டின் உதவியானது என்பதை மறுப்பதற்கில்லை.

டின்னைப் பற்றிக் கட்டாயம் அறிய வேண்டியது இன்னொன்று. முன்னாட்களில் இத்தகைய டின்களில் குளோரோ புளோரோ கார்பன் வாயுக்களை நிரப்பினார்கள். அவை வானத்து ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று மொலினா, ரோலண்ட் ஆகிய அறிவியலாளர்கள் 1974ஆம் ஆண்டு எடுத்துரைத்தனர். 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரில் உருவான உடன்பாட்டின்வழி உலக நாடுகள் அவற்றை ஒழிக்கத் தொடங்கின. அவற்றுக்குப் பதிலாக வந்தவை பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள். இவை நம் சமையல் அடுப்பில் எரியும் வாயுவின் இனமே! ஆகவே புகைபிடித்துக்கொண்டோ, அடுப்பருகே நின்றோ டின்னை அழுத்தக் கூடாது. 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் டின்னுக்கு ஆகாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைப்பதும் ஆபத்தே.

நுரை வராமற் போனதும் டின் காலியாகிவிட்டது என்று எண்ணுகிறோம். உள்ளே வாயு எஞ்சியிருக்கும். லயத்துக்குப் பின்னால் சருகுகளையும் குப்பையையும் குவித்துக் கொளுத்தும்போது அத்தகைய டின் ஒன்று அதில் கிடந்தால், சூட்டில் அழுத்தம் ஏறி வெடித்துத் தகரத் துண்டுகள் நாற்புறமும் பறக்கும். அருகில் வேடிக்கை பார்த்து நிற்போர் பெரும்பாலும் சிறுவர்களே. தீர்ந்த டின்னில் ஆணி அடித்துத் துளையிடுவதும் கூடாது. கொளுத்தும் குவியலில் சேராதவாறு அதனைத் தனியே எடுத்து வைத்து, குப்பை வண்டி வரும் நாளில் தொட்டியில் போடுங்கள்.