மின்சாரம் இல்லாமல் உறங்கும் லேப்டாப்

மூடி வைத்த லேப்டாப் பொதுவாகப் போவது சஸ்பெண்ட் நிலைக்கு. திறந்திருந்த வேலையெல்லாம் ராமிலேயே இருக்கும்; ராமுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும். ஹைபர்னேட் செய்தால் ராமில் உள்ளது ஒரு படிமமாக டிஸ்கில் எழுதப்பட்டு, கருவி முழுவதுமாக அணைந்துவிடும். ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில் இதன் அருமை தெரியும்.

லினக்ஸில் அந்தப் படிமம் எழுதப்படும் இடம் ஸ்வாப். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். உபுண்டு 17.04 பதிப்பில் தனிப் பார்ட்டிஷனுக்குப் பதில் ஸ்வாப் கோப்பு வந்தது. அப்போது அதன் உச்ச அளவு 2 ஜிபி. 2020இல் வந்த ஃபெடோரா 33 இயல்பாகத் தருவது இசட்ராம். அது ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் என்பதால், மின்சாரம் நின்றதும் அதில் உள்ளதும் அழிந்துவிடும். அன்றாட வேலைக்கு இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஹைபர்னேட்டுக்கு இவற்றை நம்ப முடியாது.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? டிஸ்கிலிருந்து மீண்டும் படிக்கக்கூடிய கேஷ் பகுதிகளைக் கெர்னல் கழித்துவிடும், மிச்சத்தைச் சுருக்கியும் எழுதும். படிமத்தை ராமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கவே அது இயல்பாக முயலும். அதனால்தான் ராமில் பாதி அளவு ஸ்வாப் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்களும் கூடவே ஒரு விர்ச்சுவல் மெஷினும் ஓடும் நாளில் அந்தக் கணக்கு நிற்காது. ஸ்வாப்பின் ஒரு பகுதி அப்போது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். படிமத்துக்குக் கிடைப்பது மீதி இடம் மட்டுமே. அது போதாவிட்டால் ஹைபர்னேட் தோற்று, லேப்டாப் பைக்குள்ளேயே சூடாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே ராமின் முழு அளவு, அதற்கு மேல் அன்றாட ஸ்வாப்புக்குக் கொஞ்சம் என்று ஒதுக்குங்கள். 16 ஜிபி ராமுக்கு 20 ஜிபி என்பது உபுண்டு பயனர்களிடையே புழங்கும் கணக்கு. ரெட்ஹாட் ஒன்றரை மடங்கு, அதாவது 24 ஜிபி சொல்கிறது. எனக்கு 20 போதும் என்றே படுகிறது.

இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. படிமம் எங்கே இருக்கிறது என்பதைத் துவக்கத்தில் கெர்னலுக்கு ரெஸ்யூம் அளவுருவால் சொல்ல வேண்டும். ஸ்வாப் கோப்பாக இருந்தால் டிஸ்கில் அது தொடங்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். படிமத்தில் உங்கள் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும். ஸ்வாப்பை என்க்ரிப்ட் செய்வது அவசியம். ஆனால் ஒவ்வொரு துவக்கத்திலும் மாறும் சாவியைப் பயன்படுத்தினால் படிமத்தைத் திறக்கவே முடியாது. செக்யூர் பூட் இயங்கும் பல கணினிகளில் கெர்னலே ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும்.

பார்ட்டிஷனைப் பிறகு பெரிதாக்குவது தொல்லை பிடித்த வேலை. லினக்ஸ் நிறுவும்போதே இடத்தை முடிவு செய்யுங்கள். முக்கியமான வேலையை நம்பி ஒப்படைக்கும் முன், கனமான நிரல்களைத் திறந்து வைத்து ஒருமுறை ஹைபர்னேட் செய்து பாருங்கள்.