ஆட்டத்திற் சிறந்தார் யார்?

எமது கல்லூரி விழாக் காணும் இந்நன்னாளில், பழைய மாணவர் சங்கத்தார் வெற்றிக் கிண்ணம் ஒன்று வழங்கக் கருதியுள்ளனர். கூடைப்பந்தாட்டத்திலும் வலைப்பந்தாட்டத்திலும் ஆண்டுதோறும் சிறந்து விளங்கும் மாணவர்க்கு அஃது உரியதாகும். நோக்கம் நன்று. ஆயின், சிறந்தவர் யார் என்பதை எவ்வாறு துணிவது என்னும் வினா எழுந்தபோது, “அதிக புள்ளி பெற்றவர்க்குக் கொடுத்துவிடலாம்; தகராறு இராது” என்றனர் அன்பர் பலர். தகராறு இராது என்பது மெய்யே. நீதி இருக்குமா என்பதைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

சப்பிரகமுவ மலைகளிற் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்வினா புதிதன்று. மாலையிற் கொழுந்து நிறுக்கும் இடத்திலே தராசு கூறுவது ஒன்றே: இன்னார் இத்தனை கிலோ. கூடையில் இருப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமா, முற்றல் இலையா என்பதைத் தராசு கூறாது. தொழிற்சாலையில் தேயிலையின் தரம் வீழ்ந்த பின்னரே அது தெரியவரும். கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும் இவ்வாறே. கத்தியை ஆழப் பாய்ச்சுபவன் இன்று வாளி நிறையப் பால் கொணர்வான்; புண்பட்ட பட்டையோ பல்லாண்டு அந்நட்டத்தைச் சுமக்கும். எண் பொய் சொல்லுவதில்லை. ஆனால் எண் முழுவதையும் சொல்லுவதுமில்லை.

வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்து, ஒருவனுடைய குணத்தையும் ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்தது எதுவெனக் கண்டு தெளியுமாறு பணித்தார். அரசன் அமைச்சரைத் தெரிதற்குக் கூறிய அம்முறை, ஆட்டக்காரரைத் தெரிதற்கும் சாலப் பொருந்தும். அம்முறைகொண்டு முதற்கண் கூடைப்பந்தாட்ட உலகின் பெருவீரர் இருவரை நிறுத்துப் பார்ப்போம்.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பெற்றது. அவ்வாட்டத்தில் வில்ட் சேம்பர்லின் என்பார் நிகழ்த்திய அருஞ்செயல்கள் கதை போலத் தோன்றுவன. உயரம் 7 அடி 1 அங்குலம். 1962 மார்ச் 2ஆம் நாள் நியூயோர்க் அணிக்கெதிராகத் தனியொருவராக 100 புள்ளிகள் பெற்றார். அந்தப் பருவம் முழுவதிலும் ஆட்டமொன்றுக்குச் சராசரி 50.4 புள்ளிகள். தம் ஆட்டக்காலம் முழுமைக்கும் அவர்தம் சராசரி 30.1 புள்ளிகள்.

அவர் காலத்தே அவரை எதிர்த்து நின்றவர் பொஸ்டன் அணியின் பில் ரசல். இவருடைய சராசரி 15.1 புள்ளிகளே, சேம்பர்லினின் பாதி. எறியும் திறத்திலும் இவர் நடுத்தரத்தவரே. புள்ளிக் கணக்கை மட்டும் நோக்கும் ஒருவர் இருவரையும் ஒரே தட்டில் வைக்கவும் நாணுவார். ஆயினும் ரசல் ஆடிய 13 பருவங்களில் பொஸ்டன் அணி 11 முறை வாகை சூடியது. சேம்பர்லினுக்குக் கிட்டிய வாகைகள் இரண்டு: 1967இலும் 1972இலும். இறுதிச் சுற்றுத் தொடர்களில் இவ்விருவரும் எட்டு முறை மோதினர். ஏழில் வென்றது ரசலின் அணி. 1960 நவம்பரில், ரசலுக்கு எதிரே நின்று, வளையத்திற் பட்டு மீளும் பந்தை ஒரே ஆட்டத்தில் 55 முறை கைப்பற்றினார் சேம்பர்லின். எவரும் இன்றுவரை எட்டாத எண் அது. அன்றைய ஆட்டத்திலும் வென்றது பொஸ்டனே.

இதன் காரணம் யாது? முதலாவது, ரசல் செய்த பெருந்தொண்டு ஏட்டில் ஏறவில்லை. எதிரி எறியும் பந்தை இடைமறித்துத் தடுப்பதில் அவர் நிகரற்றவர். ஆனால் இவ்வாறு தடுத்த பந்துகளை எண்ணும் வழக்கம் அமெரிக்கத் தேசியச் சங்கத்தில் 1973–74ஆம் பருவத்திலேதான் தொடங்கிற்று. ரசல் ஓய்வு பெற்றதோ 1969இல். இரண்டாவது, தடுக்கும் விதம். பந்தை ஓங்கி அறைந்து களத்துக்கு வெளியே அனுப்பினால் கூட்டம் ஆரவாரிக்கும். பந்தோ மீண்டும் எதிரிக்கே உரியதாகும். ரசல் மெல்லத் தட்டிக் களத்துக்குள்ளேயே பந்தை நிறுத்துவார். அதனைத் தம் அணியார் எடுத்துக்கொண்டு ஓடுவர். ஒரு தடுப்பு, ஒரு தாக்குதலின் தொடக்கமாயிற்று. மூன்றாவது, அச்சம். அவர் வளையத்தருகே நிற்கிறார் என்பதனாலேயே எதிரிகள் எறியாது விட்ட பந்துகள் பல. எறியாத பந்தை எவர் எண்ணுவார்?

சேம்பர்லினின் குற்றங்களையும் மறைத்தல் ஆகாது. எதிரியின் விதிமீறலுக்கு ஈடாகத் தனித்து நின்று எறியும் எறிவில் அவர் நூற்றுக்கு 51 விழுக்காடே வென்றார். இதில் ஒரு படிப்பினை உண்டு. 100 புள்ளி பெற்ற அப்பருவத்தில், இரு கைகளாலும் கீழிருந்து மேலாக வீசும் முறையை அவர் கைக்கொண்டார். அப்போது அவ்விகிதம் 61ஆக உயர்ந்தது. அவ்விரவில் 32 எறிவுகளில் 28 வெற்றி. ஆயினும் அம்முறை பார்ப்போர் நகைப்புக்கு இடமாகும் என நாணி அதனைக் கைவிட்டார். பின்னொரு பருவத்தில் விகிதம் 38 ஆயிற்று. தாம் செய்தது தவறு என்பதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ரசலும் இவ்வெறிவில் வல்லவரல்லர். அவர் பெற்றது 56 விழுக்காடு.

ஒன்றை ஈண்டு நடுநிலையாகக் கூறல் வேண்டும். ரசலுக்கு வாய்த்த துணைவரும் பயிற்றுநரும் மிகச் சிறந்தவர். வாகைகளின் எண்ணிக்கையை ஒருவர் தலையிலேயே முடியாகச் சூட்டுவதும், புள்ளிகளின் எண்ணிக்கையைச் சூட்டுவது போன்ற பிழையே. ஆதலின் வேறொரு சான்றையும் நோக்குக. ரசல் வருமுன் பொஸ்டன் அணி ஒரு வாகையும் சூடியதில்லை. அவர் ஆடிய இறுதிப் பருவத்தில் அவ்வணி 48 ஆட்டங்களில் வென்று 34இல் தோற்றது. அவரும், உடனாடிய சாம் ஜோன்சும் விலகிய மறு பருவத்தில் 34இல் வென்று 48இல் தோற்றது. ஒருவர் இருக்கும்போதும் இல்லாதபோதும் அணி எவ்வாறாகிறது என்பதே அவர் மதிப்பை அறியும் சிறந்த உரைகல்.

இனிச் சேம்பர்லினின் பெருமையையும் அறிக. 1966–67ஆம் பருவத்தில் பயிற்றுநர் வேண்டியபடி அவர் தம் எறிவுகளைக் குறைத்துக்கொண்டார். துணைவர்க்குப் பந்தை வழங்கலானார். அவர்தம் சராசரி 24.1 புள்ளிகளாகத் தாழ்ந்தது. பிலடெல்பியா அணியோ 81 ஆட்டங்களில் 68இல் வென்று, பொஸ்டனையும் வீழ்த்தி, வாகை சூடிற்று. அவர் ஐம்பது புள்ளி பெற்றபோது கிட்டாத வாகை, பாதியாகக் குறைத்தபோது கிட்டியது. திறன் குன்றவில்லை, திறனை இடும் இடம் மாறிற்று.

இப்பொழுது நம் நாட்டுக்கு வருவோம். கூடைப்பந்தாட்டத்தின் வழித்தோன்றலாகிய வலைப்பந்தாட்டத்தில், யாழ்ப்பாணத்து ஈன்ற செல்வி தர்ஜினி சிவலிங்கம் அவர்களை அறியாதார் இலர். உயரம் 208 சென்ரிமீற்றர். அஃதாவது ஏறத்தாழ 6 அடி 10 அங்குலம். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை அணி ஆசிய வாகை சூடியபோது அவர் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். 2019இல் இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், உலகத்து வீராங்கனையர் எல்லாரினும் மிகுதியான கோல்களைப் போட்டவர் அவரே. ஆயின் 16 அணிகள் பங்குபற்றிய அப்போட்டியில் இலங்கை பெற்ற இடம் 15.

இதனைக் கண்டு, “அவ்வளவு கோல் போட்டும் பயன் என்ன?” என்பார் உளர். அவர்கள் ஆட்டத்தின் அமைப்பை அறியாதார். வலைப்பந்தாட்டத்தில் ஓரணிக்கு எழுவர். அவருள் கோல் போடும் உரிமை இருவர்க்கே உண்டு. அதுவும் கோல் வட்டத்துக்குள் நின்றே எறிதல் வேண்டும். பந்துடன் ஓடல் ஆகாது. மூன்று வினாடிக்குள் பந்தைக் கைமாற்றல் வேண்டும். யார் கோல் போட்டாலும், நடுவிலிருந்து பந்தைத் தொடங்கும் உரிமை இரு அணிகட்கும் மாறிமாறியே வரும். ஆகவே இரு அணிகட்கும் வாய்ப்புகள் ஏறக்குறைய ஒத்தனவே. தமக்கு உரிய வாய்ப்பைக் கோலாக்குதல் ஒரு பாதி. எதிரிக்கு உரிய வாய்ப்பைப் பறித்தல் மறு பாதி. முதற்பாதியைத் தர்ஜினி போன்ற ஒருவர் செவ்வனே நிறைவேற்றலாம். மறு பாதியை அவர் களத்தின் ஒரு முனையில் நின்றுகொண்டு செய்தல் இயலாது. விதியே அவரை அம்முனையில் நிறுத்தியுள்ளது. மேலும், உயர எறியும் பந்து அவர் கைக்கு எட்டுமுன், அதனை எறிபவரையே எதிரிகள் நெருக்கிவிட்டால், 208 சென்ரிமீற்றரும் வெறுமனே நிற்கும். கதவு எத்துணை வலியதாயினும் சுவரில்லா வீட்டைக் காவாது. ஆசியக் களத்தில் ஏனைய அறுவரும் எதிரிக்கு ஈடுகொடுத்தனர். அவர் திறன் வாகையாயிற்று. உலகக் களத்தில் ஈடுகொடுத்தல் அரிதாயிற்று. அவர் திறன் கோல்களாக மட்டும் நின்றது.

இவ்விடத்தே யான் என் பிழையொன்றைக் கூறுதல் கடன். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாயிருந்த காலத்தே, மாணவியர் வலைப்பந்தாட்ட அணிக்குப் பொறுப்பாயிருந்தேன். இறப்பர்த் தொழிற்சாலைக்குப் பின்னே மண்வெட்டியாற் சமப்படுத்திய நிலமே எங்கள் களம். பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் பின்களத்திற் காவல் நின்றாள். கோல் போடும் உரிமை அவளுக்கு விதிப்படியே இல்லை. என் குறிப்பேட்டில் யான் எழுதி வந்ததோ கோல்கள் மட்டும். வெளியூர்ப் போட்டிக்கு அணி தெரிந்தபோது, அவள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லாமை கண்டு அவளை நீக்கி, நன்றாகக் கோல் போடும் மூன்றாம் மாணவியை அவ்விடத்தில் நிறுத்தினேன். அன்று நாங்கள் வழக்கம்போலவே கோல் போட்டோம். எதிரிகள் எங்களினும் இரட்டிப்பாகப் போட்டனர். திரும்பும் வழியில், அணித்தலைவி என்னிடம் சினமின்றிச் சொன்னாள்: “சேர், அவ இருந்தா பந்து இந்தப் பக்கம் வந்திருக்காது.”

மறுவாரம் அச்சிறுமி களத்துக்கு வரவில்லை. ஆண்டிறுதியிற் பாடசாலையையும் விட்டாள். அதற்கு லயத்து வறுமை முதலாய காரணங்கள் பல இருந்திருக்கலாம். என் குறிப்பேடு மட்டுமே காரணம் என்று துணியேன். ஆயினும், தான் செய்தது எவர் கண்ணிலும் படவில்லை என்னும் எண்ணத்தோடு அவள் போனாள் என்பதை யான் அறிவேன். தோட்டத்துப் பிள்ளைகள் அவ்வெண்ணத்தை வீட்டிலும் மலையிலும் போதிய அளவு கற்கின்றனர். பாடசாலையும் அதனைக் கற்பித்தல் தகாது.

ஆகவே கிண்ணக் குழுவினர்க்கு யான் பணிந்து கூறுவன நான்கு. முதலாவது, போட்ட புள்ளிகளோடு, எத்தனை எறிவுகளிற் போட்டனர் என்பதையும் எழுதுக. இருபது எறிந்து எட்டுப் பெறுபவரினும், பத்து எறிந்து ஏழு பெறுபவர் அணிக்கு உதவுபவர். இரண்டாவது, பறித்த பந்துகளையும் இழந்த பந்துகளையும் எதிரெதிரே எழுதுக. மூன்றாவது, புள்ளிக்கு வழிசெய்த இறுதிக் கைமாற்றத்தை எவர் செய்தார் என்பதையும் குறிக்க. நான்காவது, ஒவ்வொருவரும் களத்தில் நின்ற வேளையில் நம் அணி பெற்றது எத்தனை, கொடுத்தது எத்தனை எனக் கணக்கிடுக. ஓரிரு ஆட்டங்களில் இந்நான்காவது கணக்கு ஏமாற்றும். வல்லவர் நால்வருடன் நிற்பவர் தாமும் வல்லவராகத் தோன்றுவார். ஒரு பருவம் முழுவதும் எழுதிவரின் உண்மை புலப்படும். இதற்கு வேண்டுவன ஒரு கொப்பியும், ஒரு பென்சிலும், பந்தை விட்டு ஆளை நோக்கும் இரண்டு கண்களுமே. ஆட இடம் கிடையாத மாணவர் ஒருவரை இப்பணியில் அமர்த்தினால், அவரும் ஆட்டத்தை நுணுகிக் கற்பார்.

இவையனைத்தும் எழுதிய பின்னரும், கிண்ணம் அதிக புள்ளி பெற்றவர்க்கே போதல் கூடும். போகட்டும், அது நேரியதே. சேம்பர்லினும் தர்ஜினியும் தம் எண்களாற் சிறியர் ஆவரோ? எமது வேண்டுகோள் ஒன்றே. பெயருக்கு நேரே எண்ணில்லாத பிள்ளையையும் ஒருமுறை நோக்கிய பின்னரே கிண்ணத்தை வழங்குவீராக. அவ்வாறு வழங்கும் கிண்ணம், பெறுபவரோடு, பெறாதவர்க்கும் பெருமை தருவதாகும். நம் கல்லூரி அத்தகைய நீதியால் நெடிது வாழ்க.